முதலில் எழுதட்டும், தீர்ப்பது பிறகு

"ஒரு எக்ஸைக் கண்டுபிடிக்கவே தடுமாறுகிறார்கள். இதில் ஒய் வேறயா?" ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கணக்கு நடத்தும் ஆசிரியர்களிடம் இரண்டு மாறிகள் கொண்ட சமன்பாட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் இதுதான் பதில். பெற்றோருக்கும் இதில் மறுப்பில்லை. டியூஷன் ஆசிரியர் இன்னும் கொஞ்சம் மேலே போய், "எட்டாவது வரைக்கும் ஒரு மாறி போதும் சார், ஒன்பதாவதில் தானாக வந்துவிடும்" என்பார். பாடநூலும் அதே கட்சிதான். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் எட்டாம் வகுப்பில் ஒரு மாறியில் அமைந்த சமன்பாடு, ஒன்பதில் இரண்டு மாறி, பத்தில் மூன்று மாறி. ஆண்டுக்கு ஒன்றாக ஏறும் மாடிப்படி.

இதைவிட நியாயமான வரிசை உண்டா என்றுதான் தோன்றும். எளியதிலிருந்து கடினத்துக்குப் போவதுதானே பாடம் நடத்தும் முறை? ஆமாம். ஆனால் எது எளியது என்பதை எதை வைத்து முடிவு செய்தார்கள்? சமன்பாட்டைத் தீர்ப்பதற்கு எது எளிது என்று பார்த்துத்தான். தீர்ப்பதில் ஒரு மாறி எளிது, இரண்டு கடினம், மூன்று மிகக் கடினம்; இதில் சண்டையில்லை. சமன்பாட்டை எழுதுவது வேறு வேலை. அந்த வேலையில் வரிசை பல சமயம் தலைகீழாகிறது: ஒரு மாறியில் எழுதுவதுதான் கடினம், இரண்டு மாறியில் எழுதுவது எளிது. நடுநிலைப் பள்ளியில் கடினமானதை முதலில் கொடுத்துவிட்டு, எளியதை ஒன்பதாம் வகுப்புவரை பூட்டி வைத்திருக்கிறோம்.

எட்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு வார்த்தைக் கணக்கு. கயலிடமும் முகிலனிடமும் சேர்த்து 50 ரூபாய் இருக்கிறது. முகிலனைவிடக் கயலிடம் 8 ரூபாய் அதிகம். ஒவ்வொருவரிடமும் எவ்வளவு?

இதில் தெரியாத தொகைகள் இரண்டு. சொல்லப்பட்ட செய்திகளும் இரண்டு. கயலிடம் உள்ள ரூபாயை க என்றும் முகிலனிடம் உள்ள ரூபாயை ம என்றும் வைத்துக்கொண்டால், முதல் வாக்கியம் க + ம = 50 என்றாகிறது; இரண்டாவது, க = ம + 8. வாக்கியத்துக்கு ஒரு சமன்பாடு. கணக்கில் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறோமா என்று ஒவ்வொரு வரியையும் குழந்தையே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

நாம் எழுதச் சொல்வது இதையல்ல. "முகிலனிடம் உள்ள தொகையை எக்ஸ் என்க" என்று தொடங்கி, எக்ஸ் + (எக்ஸ் + 8) = 50 என்று ஒரே வரியில் முடிக்கச் சொல்கிறோம். இந்த வரி எப்படி வந்தது? கயலின் தொகையை முகிலனின் தொகையைக் கொண்டு சொல்லி, அதைக் கொண்டுபோய் முதல் வாக்கியத்தில் கயலின் தொகை இருந்த இடத்தில் வைத்தால்தான் வரும். ஒன்பதாம் வகுப்பில் இதற்குப் பிரதியிடல் முறை என்று பெயர் வைத்து, கரும்பலகையில் வரிவரியாக எழுதி நடத்துகிறோம். அதே பிரதியிடலை எட்டாம் வகுப்புக் குழந்தை பெயர் தெரியாமல், தாளில் எழுதாமல், மனசுக்குள்ளேயே செய்துவிட்டு வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். முடியாமல் விழித்தால், "ஒரு மாறியே வரவில்லை, இவனுக்கு எப்படி இரண்டு வரும்" என்கிறோம். அந்தக் குழந்தைக்கு வராமல் போனது ஒரு மாறிச் சமன்பாடே அல்ல. இரண்டு மாறிச் சமன்பாட்டுச் சோடியைக் கண்ணால் காணாமலேயே சுருக்கும் வித்தை.

வகுப்பறைகளில் ஓயாமல் கேட்கும் ஒரு கேள்வி உண்டு: "சார், எதை எக்ஸ்னு வைக்கணும்?" நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் கேட்பார்கள். கேட்பதில் தப்பே இல்லை. தெரியாதவை இரண்டு இருக்க, பெயர் ஒன்றுக்குத்தான் என்றால் யாருக்கும் அந்தச் சந்தேகம் வரும். இரண்டுக்கும் பெயர் வைக்க விட்டால் கேள்வியே எழாது.

ஒரே குறியீட்டை வைத்துக்கொண்டு காலம் தள்ளுவது எவ்வளவு சிரமம் என்பதற்குச் சரித்திரத்தில் சாட்சி இருக்கிறது. அலெக்சாந்திரியாவின் டயோஃபாண்டஸிடம் தெரியாத எண்ணுக்கு ஒரே ஒரு குறிதான் இருந்தது. தெரியாதவை இரண்டு, மூன்று என்று வந்தால் எல்லாவற்றையும் அந்த ஒன்றின் வழியாகவே சொல்ல வேண்டும். அதற்காக அவர் கணக்குக்குக் கணக்கு புதிய உத்தி கண்டுபிடித்தார். அந்த உத்திகளை இன்றும் வியந்து படிக்கிறார்கள். இந்தியக் கணிதர்கள் அந்தத் தொல்லையை வைத்துக்கொள்ளவில்லை. 628-இல் பிரம்மகுப்தரே தெரியா எண்கள் பல கொண்ட சமன்பாடுகளைக் கையாண்டார். 1150-இல் எழுதப்பட்ட பாஸ்கரரின் பீஜகணிதத்தில் முதல் தெரியா எண்ணுக்கு யாவத்தாவத் என்று பெயர். அடுத்தவற்றுக்குக் கருப்பு, நீலம், மஞ்சள், சிவப்பு என்று நிறப்பெயர்கள். தெரியாதவை எத்தனையோ அத்தனை நிறம். பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் நாம் டயோஃபாண்டஸின் சாமர்த்தியத்தைக் கேட்கிறோம். பாஸ்கரரின் வசதியை மட்டும் தர மறுக்கிறோம்.

"சரி, எழுதிவிடுவார்கள் என்றே வைத்துக்கொள்வோம். தீர்க்கத் தெரியாதே! விடை காண முடியாத சமன்பாட்டை எழுதி என்ன செய்ய?" இதுதான் எதிர்க்கட்சியின் வலுவான வாதம். மேலே சொன்ன கணக்கைப் பொறுத்தவரை பதில் சுலபம். கூட்டினால் 50 வரும் சோடிகளை அட்டவணையாக எழுதி, வித்தியாசம் 8 எங்கே வருகிறது என்று பார்த்தால் 29, 21 கிடைத்துவிடும். நீக்கல் முறையும் வேண்டாம், குறுக்குப் பெருக்கலும் வேண்டாம். ஆனால் இந்தப் பதிலோடு நிறுத்திக்கொண்டால் வாதத்தின் அடியில் கிடக்கும் பெரிய தவறு தப்பித்துவிடும். சமன்பாடு என்றாலே தீர்ப்பதற்கு என்ற எண்ணம்தான் அந்தத் தவறு. சமன்பாடு முதலில் ஒரு கூற்று. இந்த அளவுக்கும் அந்த அளவுக்கும் இடையே இன்ன உறவு என்று சொல்வது அதன் வேலை. அதைத் தீர்ப்பது, அந்தக் கூற்றிடம் நாம் பிறகு கேட்கக்கூடிய பல கேள்விகளில் ஒன்று.

ஏழாம் வகுப்பில் தனிவட்டி வருகிறது. வட்டி, அசல், காலம், வீதம்: ஒரே சமன்பாட்டில் நான்கு மாறிகள். செவ்வகத்தின் பரப்பு அதற்கும் முன்பே வந்துவிடுகிறது, அதில் மூன்று. "நாலு மாறியா? குழந்தை தாங்காது" என்று யாரும் அப்போது பதறுவதில்லை. ஆக, பல மாறிகள் உள்ள சமன்பாட்டைக் குழந்தை பார்க்கலாம், மனப்பாடம் செய்யலாம், எண்களைப் போட்டு விடை எடுக்கலாம். சொந்தமாக ஒன்றை எழுதத்தான் கூடாது. சூத்திரம் என்று பெயர் சூட்டியதும் அது சமன்பாடு என்பதே மறந்துபோகிறது.

சொந்தமாக எழுத நம் தெருவிலேயே எவ்வளவோ கிடக்கிறது. 2013-இல் தமிழக அரசு சென்னை ஆட்டோக்களுக்கு நிர்ணயித்த கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்குமேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். (அந்தக் கட்டணத்தில் ஓடிய ஆட்டோவில் ஏறியவர்கள் கை தூக்கலாம்.) கட்டணம் க, தூரம் த என்றால் க = 25 + 12(த − 1.8). இங்கே கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. க-வுக்கும் த-வுக்கும் ஒரே மதிப்பு கிடையாது. ஆனால் பேச எவ்வளவு இருக்கிறது! த-வுக்கு 5 போட்டால் 63.40 ரூபாய். த-வுக்கு 1 போட்டால்? 15.40 என்று வருகிறது. ஆட்டோக்காரர் ஒப்புக்கொள்வாரா? மாட்டார். அப்படியானால் சமன்பாடு எங்கே செல்லும், எங்கே செல்லாது? இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்ட பிள்ளை, எக்ஸ் = 21 என்று அடிக்கோடிட்டு முடித்த பிள்ளையைவிடக் கணிதத்துக்குள் அதிக தூரம் போயிருக்கிறது. அமெரிக்காவில் 2010-இல் வந்த காமன் கோர் பாடத்தரம் இதை, அதாவது ஒன்றையொன்று சார்ந்து மாறும் இரண்டு அளவுகளுக்குச் சமன்பாடு எழுதுவதை, ஆறாம் வகுப்பிலேயே வைத்திருக்கிறது. சமன்பாட்டுச் சோடியைத் தீர்ப்பதை எட்டாம் வகுப்புக்குத் தள்ளிவிட்டது. அமெரிக்கா செய்வதால் சரி என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் கணக்கு நடத்தும் இலட்சணத்தைப் பற்றி அவர்களே நிறையப் புலம்பியிருக்கிறார்கள். எழுதுவதையும் தீர்ப்பதையும் பிரிக்கலாம், எழுதுவதை முன்னால் வைக்கலாம் என்பதற்கு ஒரு நடைமுறைச் சான்று, அவ்வளவுதான்.

ஒரே விடை இல்லாத சமன்பாடு குழந்தைக்கு ஆகாது என்பவர்களுக்கு ஐந்தாம் நூற்றாண்டுச் சீனாவின் நூறு கோழிக் கணக்கைக் காட்டலாம். சேவல் ஒன்று 5 காசு, பெட்டைக்கோழி ஒன்று 3 காசு, குஞ்சு மூன்று சேர்த்து 1 காசு. 100 காசுக்கு 100 உருப்படி வாங்க வேண்டும். தெரியாதவை மூன்று, சமன்பாடுகள் இரண்டு. நாம் பத்தாம் வகுப்பில் நடத்தும் முறைப்படி பார்த்தால் இது ஊனமான கணக்கு. ஆனால் 4 சேவல், 18 பெட்டை, 78 குஞ்சு என்பது ஒரு விடை. 8, 11, 81 இன்னொன்று. 12, 4, 84 மற்றொன்று. சேவலே வேண்டாம் என்றால் 25 பெட்டையும் 75 குஞ்சும். பாஸ்கரரும் புறா, நாரை, அன்னம், மயில் என்று இதேபோல ஒரு நூறு பறவைக் கணக்கு வைத்திருக்கிறார். பல விடை உள்ள கணக்கைப் பழைய காலத்தவர் ஒளித்து வைக்கவில்லை, விரும்பிப் போட்டார்கள்.

அடுத்த வாதம் ஆராய்ச்சியைத் துணைக்கு அழைக்கும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கிளெமென்ட்டும் அவர் கூட்டாளிகளும் முதலாண்டுப் பொறியியல் மாணவர் 150 பேரிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். 1981-இல் அதை எழுதி வெளியிட்டார்கள். ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களைப் போல ஆறு மடங்கு மாணவர்கள் இருக்கிறார்கள். இதைச் சமன்பாடாக எழுதுக. 37 சதவீதம் பேர் தவறாக எழுதினார்கள். தவறியவர்களில் பெரும்பாலோர் எழுதியது தலைகீழ்: மாணவர் எண்ணிக்கையை ஆறால் பெருக்கினால் பேராசிரியர் எண்ணிக்கை வரும் என்று. "பாருங்கள், பொறியியல் மாணவனே இரண்டு மாறியில் சறுக்குகிறான், ஏழாம் வகுப்புப் பிள்ளை என்ன செய்யும்?" என்று கேட்பார்கள்.

இந்தச் சான்று உண்மையில் யாருக்குச் சாதகம்? அந்த 150 பேரும் ஒரு மாறி, இரண்டு மாறி, இருபடி எல்லாவற்றையும் தீர்த்துத் தீர்த்துத் தேறியவர்கள். "முதலில் தீர்க்கப் பழகட்டும், எழுதுவது தானாக வரும்" என்ற கொள்கையின் விளைச்சல் அவர்கள்தான். தானாக வரவில்லை. வயதும் அதைக் குணப்படுத்தவில்லை. இது ஆங்கிலச் சொல்வரிசையின் கோளாறு, தமிழில் வராது என்று தப்பிக்கவும் வழியில்லை. படத்தையும் அட்டவணையையும் காட்டி எழுதச் சொன்னபோதும் அதே தலைகீழ்ச் சமன்பாடு வந்தது என்று அந்த ஆய்வாளர்களே சொல்லியிருக்கிறார்கள்.

நம் ஊர்க் கணக்காகவே பார்ப்போம். 2009-இன் கல்வி உரிமைச் சட்டப்படி ஆறு முதல் எட்டு வகுப்புகளில் 35 மாணவருக்கு ஓர் ஆசிரியராவது இருக்க வேண்டும். அந்த விகிதம் அப்படியே நிலவும் பள்ளியில் மாணவர் எண்ணிக்கை ம, ஆசிரியர் எண்ணிக்கை ஆ. நிறையப் பேரின் கை 35ம = ஆ என்றுதான் முதலில் போகும். போகட்டும். 70 மாணவர் உள்ள பள்ளியை அதில் போட்டுப் பார்க்கச் சொன்னால் 2,450 ஆசிரியர்கள் வேண்டும் என்று வரும். ஆசிரியர் நியமனத்துக்காகப் போராடுகிறவர்கள்கூட அவ்வளவு கேட்டதில்லை. பிள்ளைகள் சிரிப்பார்கள், திருத்துவார்கள், ம = 35ஆ என்று எழுதுவார்கள். இப்படிச் சிரித்துத் திருத்த ஏற்ற வயது பன்னிரண்டா, பொறியியல் கல்லூரியில் சேர்ந்த பிறகா?

பிழையின் வேர் எங்கே இருக்கிறது என்பதற்கு இன்னொரு ஆய்வு. 1970-களில் லண்டன் செல்சி கல்லூரியின் திட்டமொன்றில் டீட்மர் கூக்கெமன் 13 முதல் 15 வயதுப் பிள்ளைகளிடம் இப்படிக் கேட்டார்: நீலப் பென்சில் ஒன்று 5 பென்ஸ், சிவப்புப் பென்சில் ஒன்று 6 பென்ஸ். இரண்டிலும் சில வாங்கியதில் மொத்தம் 90 பென்ஸ் ஆயிற்று. நீலப் பென்சில்களின் எண்ணிக்கை நீ, சிவப்பின் எண்ணிக்கை சி என்றால் அவற்றைப் பற்றி என்ன எழுதலாம்? 5நீ + 6சி = 90 என்று எழுதியவர் சிலரே. நீ + சி = 90 என்று எழுதியவர் அதிகம். வேறு சிலர் எழுதியதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: 6நீ + 10சி = 90. ஆறு நீலமும் பத்துச் சிவப்பும் வாங்கினால் 30 + 60, சரியாக 90. விடையைக் கண்டுபிடித்துவிட்டார்கள்! எழுதத்தான் தெரியவில்லை. எழுத்து என்பது ஓர் எண் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. பென்சிலின் சுருக்கப் பெயர் என்று நினைத்துவிட்டார்கள்.

அப்படி நினைக்க அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? நம் வகுப்பறையிலும் அதே பாடம் நடக்கிறது. "ஏ என்றால் ஆப்பிள், பி என்றால் பனானா, மூன்று ஆப்பிளையும் இரண்டு பனானாவையும் கூட்ட முடியுமா? முடியாது. அதனால்தான் மூன்று ஏ-யையும் இரண்டு பி-யையும் கூட்ட முடியாது." ஒத்த உறுப்பு, வேற்றுறுப்பு பாடத்தை ஐந்து நிமிடத்தில் முடித்துவைக்கும் மந்திரம் இது. ஏ-யையும் பி-யையும் பெருக்கினால் ஆப்பிளைப் பனானாவால் பெருக்கியதாகுமா என்று எந்தப் பிள்ளையும் கேட்காதவரை பிரச்சினை இல்லை. ஒரே எழுத்து உள்ள சமன்பாட்டில் இந்தப் பொய் வெளிப்படவும் வெளிப்படாது: எக்ஸ் ஆப்பிளாக இருந்தாலும் ஆப்பிளின் எண்ணிக்கையாக இருந்தாலும் பக்கம் மாற்றிப் போட்டால் விடை வந்துவிடும். இரண்டாவது எழுத்தும் விலையும் உள்ளே வரும்போதுதான் அது என்ன, எத்தனையா, எவ்வளவா, எந்த அலகில் என்று கேட்டே ஆக வேண்டியிருக்கிறது. ஒரு மாறியிலேயே மூன்று வருடம் உழல்வது அந்தக் கேள்வியை மூன்று வருடம் தள்ளிப்போடுவது. கயலின் கணக்கில் முதலெழுத்தையே நான் எடுத்துக்கொண்டேன். வகுப்பில் அது ஆபத்து. க என்பது கயல் இல்லை, கயலிடம் உள்ள ரூபாய் என்று ஒவ்வொரு முறையும் எழுத வைக்க வேண்டும். "எக்ஸ் என்க" என்ற இரண்டு சொல்லோடு விட்டுவிடக் கூடாது.

"அருவமான சிந்தனைக்கு அந்த வயது போதாது" என்று குழந்தை உளவியல் அறிஞர் பியாஜேயைக் காட்டுபவர்களும் உண்டு. பி.எட். படித்தவர்களிடம் இந்த வாதம் சட்டென்று வரும். ஆனால் சோவியத் ஒன்றியத்தில் 1960-களில் வசீலி டவீடவும் தோழர்களும் அமைத்த பாடத்திட்டத்தில் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் நீளங்களையும் எடைகளையும் பாத்திரத் தண்ணீரையும் ஒப்பிட்டு, எண்களுக்கு முன்பே எழுத்துகளால் எழுதினார்கள்: இந்த நீளம் அந்த இரண்டின் கூட்டு, இதிலிருந்து அதை எடுத்தால் மற்றது. மூன்று எழுத்து, ஓர் உறவு. அமெரிக்காவில் டேவிட் கேரஹர், அனலூசியா ஷ்லீமன் குழுவினர் மூன்றாம் வகுப்பில் மிட்டாய்ப் பெட்டிகளை வைத்தார்கள். இருவரிடமும் ஒரே எண்ணிக்கையுள்ள மூடிய பெட்டி. ஒருவருக்குக் கூடுதலாக ஒரு மிட்டாய், மற்றவருக்கு மூன்று. ஆரம்பத்தில் பிள்ளைகள் பெட்டிக்குள் எத்தனை என்று ஊகித்து ஓர் எண்ணை எழுதினார்கள். போகப் போக, எத்தனை இருந்தாலும் வித்தியாசம் மாறாது என்பதை எழுத்தால் எழுதினார்கள். எட்டொன்பது வயதில் இது முடியும் என்றால், பன்னிரண்டில் முடியாமல் போவதற்கு வயதைக் குற்றம் சொல்ல முடியாது.

"பெருக்கல் வாய்ப்பாடே தெரியாத பிள்ளைகள் சார்" என்று அரசுப் பள்ளி ஆசிரியர் சொல்லும்போது அதில் உண்மையான களைப்பு இருக்கிறது. அதைக் கிண்டல் செய்ய மாட்டேன். ஆனால் டீ 12 ரூபாய் என்றால், எத்தனை டீயோ அதைப் பன்னிரண்டால் பெருக்க வேண்டும் என்று எழுத வாய்ப்பாடு வேண்டியதில்லை. எங்கே பெருக்க வேண்டும், எங்கே கூட்ட வேண்டும் என்று தெரிந்தால் போதும். வாய்ப்பாட்டில் தோற்ற பிள்ளைக்குக் கணக்கு வகுப்பில் சரியாகச் செய்யக் கிடைக்கும் அரிய வேலைகளில் இதுவும் ஒன்று. பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரும்வரை காத்திரு என்று அதையும் பறித்துவிடுகிறோம்.

இதற்கெல்லாம் மாற்றாகக் கைடுகள் விற்பது குறிச்சொல் முறை: 'அதிகம்' என்றால் கூட்டல், 'குறைவு' என்றால் கழித்தல், 'மடங்கு' என்றால் பெருக்கல். "கயலிடம் முகிலனைவிட 8 ரூபாய் அதிகம்" என்பதைக் குறிச்சொல் பார்த்து எழுதும் பிள்ளை க + 8 = ம என்று எழுதிவிட்டு நிம்மதியாக அடுத்த கணக்குக்குப் போகும். வாசித்து யோசிக்காமல் மதிப்பெண் வாங்குவதற்கான வழி அது; அந்த மதிப்பெண்ணும் வராது.

பாடத்தில் புதிதாக எதையும் ஏற்ற வேண்டியதில்லை. எட்டாம் வகுப்பின் வார்த்தைக் கணக்குகளையே எடுத்து, முதலில் வாக்கியத்துக்கு ஒன்றாக எழுத விடலாம். ஒரு மாறிக்குச் சுருக்குவதை அதற்கடுத்த படியாகப் பலகையில் செய்யலாம். சமன்பாட்டைக் கொடுத்து அதற்கு ஒரு கதை எழுதச் சொல்லலாம்; 5அ + 10இ = 100 என்பதற்கு ஒருவர் நாணயம் சொல்வார், இன்னொருவர் பேருந்து டிக்கெட் சொல்வார். நேரம் எங்கே என்று கேட்டால், பக்கம் மாற்றிப் போடும் பயிற்சிக் கணக்குகளில் பாதியைக் குறைத்தால் கிடைக்கும்.

மிஞ்சுவது மதிப்பெண் பிரச்சினை. தேர்வில் கேட்காததை யாரும் நடத்த மாட்டார்கள். எனவே ஆண்டுத் தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி வரட்டும்: சூழலைக் கொடுத்து, எந்த எழுத்து எந்த அளவைக் குறிக்கிறது என்று சொல்லிச் சமன்பாடு எழுதுக, தீர்க்க வேண்டாம். எழுத்துகளின் விளக்கத்துக்கு ஒரு மதிப்பெண், சமன்பாட்டுக்கு ஒன்று. ஒரு பிள்ளை கூட்டலாகவும் இன்னொரு பிள்ளை அதையே கழித்தலாகவும் எழுதினால் எப்படித் திருத்துவது என்று விடைத்தாள் திருத்துபவர்கள் முணுமுணுப்பார்கள். விடைக்குறிப்பின் அடியில், 'இதற்குச் சமமான எந்தச் சமன்பாட்டுக்கும் முழு மதிப்பெண்' என்று ஒரு வரி அச்சிட்டால் முடிந்தது.